மிக்சி மோட்டாரும் மூன்று டன் கருப்பட்டியும்

உடன்குடியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் மூன்று விதமான தரை இருக்கிறது. வடமேற்கே போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல். ஊருக்குள் தார்ச்சாலை. திருச்செந்தூர் வரை போனால் ரயில் தண்டவாளம். சக்கரம் வைத்த வண்டியில் ஒரு டன் பாரம் ஏற்றி, இந்த மூன்றிலும் சமதளமாகப் பார்த்து இழுத்தால் என்ன ஆகும்? தேரி மணலில் அந்த வண்டி நகர ஏறக்குறைய 250 கிலோ இழுப்பு வேண்டும். தாரில் காற்றடித்த ரப்பர் டயர் என்றால் 15 கிலோ போதும். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு 2 கிலோ. கிலோ இழுப்பு என்றால், அந்த எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கயிறு எவ்வளவு விறைக்குமோ அவ்வளவு விசை. பாரம் அதே ஒரு டன்தான். தரையும் சக்கரமும் மாறியதற்கு நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மணலில் உருளும் சக்கரம் தன் முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டே போகிறது. தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிவதே இல்லை. தார்ச்சாலையில் குழி விழாது, ஆனால் டயர் நசுங்கும். தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, மேலே போகும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பும். நசுங்கியதில் போன சக்தி முழுவதும் திரும்பி வராது, ஒரு பங்கு சூடாகிவிடும். நெடுந்தூரம் ஓடிவந்த லாரியின் டயரைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். நசுங்கல் மிகக் குறைவு, ஆகவே இழப்பும் மிகக் குறைவு.

இந்தக் கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி ஒரு காலத்தில் கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலை நடத்தியது. பனங்காட்டு ஊர்களிலிருந்து அங்கே கருப்பட்டி வந்து சேர வேண்டும், இடையில் மணல். மாட்டு வண்டியை மணலில் ஓட்டிக் களைத்துப்போவதைவிடத் தண்டவாளம் போட்டுவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளை என்று இரண்டடி அகலப் பாதையில் குட்டி ரயில் ஓடியது. பயணிகளும் ஏறினார்கள். 1940 வாக்கில் அது நின்றுபோயிற்று. இப்போது தண்டவாளம் இல்லை, கருப்பட்டி இருக்கிறது; 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைச் சிப்பமாகக் கட்டி அடுக்கும் கிட்டங்கியில் இன்றும் பாரத்தை மனிதர்கள்தான் தள்ளுகிறார்கள்.

அப்படி ஒரு கிட்டங்கியை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிமெண்ட் தரை, சமதளம். நாலு சக்கர டிரெய்லரில் 3 டன். அதை இழுக்க ஒரு பேட்டரி இழுவை வண்டி. அதன் எடையை 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 3.4 டன். டன்னுக்கு 15 கிலோ வீதம் இழுப்பு 51 கிலோ. மனிதர் நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டரில் இழுத்தால் சக்கரத்தில் தேவைப்படும் திறன் சுமார் 420 வாட். சமையலறையில் சட்னி அரைக்கும் மிக்சியின் மோட்டார் 750 வாட். பல்சக்கரங்களில் போகும் இழப்பையெல்லாம் சேர்த்தாலும் அந்த மோட்டாரின் அளவுக்குள் மூன்று டன் பாரம் அடங்கிவிடுகிறது. இன்னும் ஒன்று. இந்த வேகத்தில் அந்தப் பாரத்தை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் மின்சாரம் யூனிட்டில் கால்பங்குகூட இல்லை. ஒரு யூனிட்டில் நாலு கிலோமீட்டர் போய்விடலாம்.

பாரத்தைத் தூக்குவதற்கும் உருட்டுவதற்கும் உள்ள தூரம் இது. தூக்குகிறவன் பூமியோடு மல்லுக்கு நிற்கிறான். மூன்று டன் என்றால் மூன்று டன்னையும் கொடுத்தாக வேண்டும். உருட்டுகிறவன் சக்கரத்தின் நசுங்கலுக்கு மட்டும் விலை கொடுக்கிறான். வீட்டுப் பட்டறையில் ஒரு இழுவை வண்டி செய்துவிட முடியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். உலகம் முழுக்கப் பலர் செய்தும் இருக்கிறார்கள்: படகு ஏற்றிய டிரெய்லரை நகர்த்த, சின்ன விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ள, பட்டறையில் லேத் மெஷினை இடம் மாற்ற.

அப்படியானால் மிக்சி மோட்டாரையே கழற்றிச் சக்கரத்தில் மாட்டிவிடலாமா? மாட்டினால் ஒரு அங்குலம் நகராது. அந்த மோட்டார் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், ஆனால் அச்சைக் கையால் பிடித்தாலே திணறும். நம் வண்டியின் சக்கரம் 40 சென்டிமீட்டர் விட்டம் என்றால், மனித நடை வேகத்துக்கு அது நிமிஷத்துக்கு 40 சுற்று சுற்றினால் போதும். வேகத்தைக் கொடுத்துவிட்டு முறுக்கத்தை வாங்க வேண்டும். அந்தப் பண்டமாற்று நடக்கும் இடம் கியர் பாக்ஸ்.

இங்கேதான் பட்டறைக்காரர்கள் பலர் இடறுகிறார்கள். எளிதில் கிடைப்பது பழைய பேட்டரி ஆட்டோவின் பின்னச்சு: 48 வோல்ட், 1,000 வாட் மோட்டார், அதோடு சேர்ந்த டிஃபரன்ஷியல். மோட்டார் 3,000 சுற்றில் ஓட, அச்சு அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 வாட் என்ற எண்ணைப் பார்த்ததும் 420 வாட் வேலைக்கு இரண்டு மடங்கு இருக்கிறதே என்று தோன்றும். முறுக்கத்தைக் கணக்குப் போட்டால், 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் அது சூடாகாமல் தொடர்ந்து கொடுக்கும் இழுப்பு 16 கிலோ சொச்சம்தான். ஐந்தாறு பேரோடு மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுவதற்கென்று செய்த அமைப்பு அது. நமக்கு வேண்டியது அதில் எட்டில் ஒரு பங்கு வேகம். ஆகவே மோட்டாருக்கும் அச்சுக்கும் நடுவே செயினும் பல்சக்கரமும் போட்டு இன்னொரு எட்டு மடங்கு குறைக்க வேண்டும். அப்போது அதே மோட்டார் நூற்று இருபது கிலோவுக்கு மேல் நிதானமாக இழுக்கும். நிமிஷ நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கும் கொடுக்கும்.

அந்த நிமிஷ நேர மிகுதி ஆடம்பரமல்ல. நின்றுகொண்டிருக்கும் பாரத்தைக் கிளப்புவது ஓடிக்கொண்டிருக்கும் பாரத்தை இழுப்பதைவிடக் கடினம். இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகி இருக்கும். பேரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஜல்லி கிடந்தாலே 51 கிலோ என்பது 150 ஆகிவிடும். பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு இந்த முதல் நொடிதான் ஆகாது. அவை சுற்றிக்கொண்டிருந்தால்தான் பலம். நின்ற நிலையில் பலம் பூஜ்யம். அதனால்தான் கிளட்ச் வேண்டியிருக்கிறது. மின்மோட்டாருக்கு நேர் எதிரான சுபாவம். நின்ற நிலையிலேயே அது தன் முழு முறுக்கத்தையும் கொடுத்துவிடும். பெரும்பாலான டீசல் ரயில் எஞ்சின்களில்கூட டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார்தான். கென்னடி விண்வெளி மையத்தில் 1965-ல் செய்த ராக்கெட் சுமக்கும் ஊர்தி சுமார் 2,700 டன் எடை. அதுவும் டீசலில் மின்சாரம் செய்து, மின்மோட்டாரால் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஊர்ந்து போகிறது.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. மோட்டார் முறுக்கிக்கொண்டே நகராமல் நின்றால் உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாகிறது. அரை நிமிஷத்தில் வார்னிஷ் தீயும் வாசனை வரும். மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் பேட்டரியை நேராக மோட்டாரில் கொடுப்பது பணத்தையும் மோட்டாரையும் ஒன்றாகக் கொளுத்துவது.

சரி, கியர் சேர்த்தாயிற்று, கன்ட்ரோலர் வைத்தாயிற்று. கொக்கியில் டிரெய்லரை மாட்டி ஆக்சிலேட்டரைத் திருகினால், சக்கரம் இருந்த இடத்திலேயே கீச்சிட்டுச் சுற்றலாம். மோட்டாருக்குப் பலம் இருக்கிறது, தரைக்குப் பிடி இல்லை. எந்த இழுவை வண்டியும், எந்த மனிதனும், எந்த மாடும் தரையைப் பின்னுக்குத் தள்ளித்தான் பாரத்தை முன்னுக்கு இழுக்க முடியும். காய்ந்த சிமெண்ட் தரையில் ரப்பர் டயர், தன்மேல் அழுந்தும் எடையில் பத்துக்கு ஆறு பங்கு வரைதான் பிடித்துத் தள்ளும். அதற்கு மேல் போனால் வழுக்கும். தரையில் எண்ணெயோ மணல் தூளோ இருந்தால் மூன்று பங்குகூடத் தேறாது. மோட்டாரை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் இந்த வரம்பு ஒரு கிலோ உயராது. இழுப்பவரின் எடைதான் இழுப்பின் எல்லை.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். சுமார் 450 டன் என்று சொல்லப்படும் அந்தத் தேரை இன்றும் மனிதர்களே வடம் பிடித்து இழுக்கிறார்கள். ரத வீதியில் அது டன்னுக்கு 20 கிலோ கேட்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மொத்தம் 9 டன் இழுப்பு. ஒருவர் 15 கிலோ விசையில் இழுத்தால் 600 பேர் வேண்டும். 600 பேரின் கூட்டு எடை 36 டன். வெறுங்காலோடு வீதியை உதைத்துப் பின்னுக்குத் தள்ளுகிற அந்த 36 டன்தான் தேரின் எஞ்சின். கிளப்பும்போது இன்னும் அதிகம் வேண்டும் என்பதால் ஆட்களும் அதிகம் வேண்டும். எல்லா வடமும் ஒரே அளவு விறைப்பாக இருக்காது. முதலில் விறைக்கும் வடத்தின் மேல் பாரம் முழுவதும் விழும்; 2024 ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததை நாடே பார்த்தது.

தேருக்குப் பின்னால் நடப்பதைக் கவனிப்பவர் குறைவு. அங்கே தடி போடுகிறவர்கள் இருப்பார்கள். நீளமான தடியைச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து, மறுமுனையில் ஆட்கள் ஏறி அழுத்துவார்கள். தேர் அசைந்து கொடுக்கும். நெம்புகோலின் சாதுரியம் அதில் பாதிதான். மீதிப் பாதி, காலின் பிடி அதில் தேவையே இல்லை என்பது. கீழ்நோக்கி விழும் உடல் எடையைத் தடி முன்னோக்கிய உந்தலாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. கால் வழுக்கும் தரையிலும் அது வேலை செய்யும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் திணறும் அந்த முதல் அசைவை, பின்னால் நிற்கும் கொஞ்சம் பேர் தொடங்கி வைப்பது இப்படித்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது பின்னால் புல்டோசர்கள் தள்ள, திருச்சி பெல் நிறுவனத்தார் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் உண்டு. நெல்லையில் தடிதான்.

ரயில்வேக்காரர்களும் இதே எல்லையில்தான் முட்டினார்கள். இந்திய ரயில்வேயின் டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு மின் எஞ்சின் 6,000 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டது, எடை 123 டன். இன்னும் கனமான சரக்கு ரயிலை இழுக்க வேண்டும் என்று வந்தபோது, அதே எஞ்சினுக்குள் வேண்டுமென்றே கூடுதல் பாரம் சேர்த்து 135 டன் ஆக்கினார்கள். மோட்டார் அதே, எடை கூடியது, இழுப்பும் கூடியது. மழை நாளில் தண்டவாளம் வழுக்கினால் எஞ்சின் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவப்படும். உருளும் பாரத்துக்கு எதிரியான மணல், இழுக்கும் சக்கரத்துக்குப் பற்றுக்கோடாகிறது. சாலையிலும் இதே கதைதான். கல்லாமொழியிலுள்ள உடன்குடி அனல் மின் நிலையத்தின் ஒவ்வொரு அலகும் 660 மெகாவாட். அந்த அளவுள்ள ஜெனரேட்டரின் பெரிய பாகம் ஒற்றைத் துண்டாகவே சில நூறு டன் வரும். அப்படிப்பட்ட பாரங்களைப் பல அச்சு ஹைட்ராலிக் டிரெய்லரில் வைத்து இழுக்கும் லாரிகளின் முதுகில் இரும்போ கான்கிரீட்டோ கட்டிகளாக ஏற்றியிருப்பார்கள். வீண் சுமை என்று தோன்றும். லாரியின் பின்சக்கரம் தரையை விடாமல் இருப்பது அந்தக் கட்டிகளால்தான்.

வீட்டில் செய்யும் இழுவை வண்டிக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மின்சார ஸ்கூட்டரிலும் காரிலும் பேட்டரியின் எடை பெரிய தலைவலி. இங்கே அது வரம். இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று அறுபது கிலோவை நெருங்கும். நாலு பேட்டரி 240 கிலோ. லித்தியம் வாங்கப் பணம் இல்லையே என்று வருந்த வேண்டாம்; பழைய ஈய பேட்டரிதான் இந்த வேலைக்குப் பொருத்தம். மின்சாரத்துக்கு மட்டும் என்றால் அதில் பாதியே ஏராளம். மீதி, தரையைப் பிடிக்க. ஆகவே பேட்டரிகளை வண்டியில் இடம் கிடைத்த மூலையில் வைக்கக் கூடாது, ஓட்டும் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும். நம்முடைய 350 கிலோ வண்டியில் 245 கிலோ ஓட்டும் சக்கரத்தின் மேல் விழுகிறது என்றால், காய்ந்த சிமெண்டில் அதன் உச்ச இழுப்பு 147 கிலோ. டன்னுக்கு 15 வீதம் பார்த்தால், வண்டியையும் சேர்த்து ஏறக்குறைய 10 டன். ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துபோகும் வண்டி, சமதளத்தில் நிறை லாரி ஒன்றை நகர்த்தும் என்று அர்த்தம்.

அந்தப் பத்து டன் வீரன் ஒரு சரிவுப் பாதையில் தோற்றுப்போவான். இருபதடி நீளத்துக்கு ஓரடி உயரும் சரிவு, பார்த்தால் சரிவென்றே தெரியாது. 3.4 டன்னை அதில் ஏற்ற, உருட்டுவதற்கான 51 கிலோவோடு, எடையில் இருபதில் ஒரு பங்கான 170 கிலோவும் சேர்கிறது. மொத்தம் 221. நம்மிடம் இருப்பது 147. சக்கரம் சுற்றும், வண்டி ஏறாது.

மாட்டு வண்டி கட்டியவர்கள் இதற்குத் தீர்வு வைத்திருந்தார்கள். பாரவண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கால் தரையில் பதியாது. கொஞ்சம் முன்பாரம் இருந்தால் மாடு ஊன்றி இழுக்கும். நம் டிரெய்லரின் முன்பக்கத்தை ஒரு சின்ன ஜாக்கியால் தூக்கி இழுவை வண்டியின் மேல் உட்கார வைத்தால், பாரத்தில் 150 கிலோ ஓட்டும் சக்கரத்தின் மேல் வந்துவிடும். 245 கிலோ 395 ஆகிறது. பிடி 237 கிலோ. 221-ஐத் தாண்டிவிட்டோம். ஒரு கிலோ இரும்புகூடக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. பாரம் தன்னை இழுக்கும் வண்டிக்குத் தானே எடை கொடுக்கிறது. பெரிய விமான நிலையங்களில் முந்நூறு டன் விமானத்தின் மூக்குச் சக்கரத்தை அலாக்காகத் தூக்கித் தன்மேல் வைத்துக்கொண்டு ஓடும் இழுவை வண்டிகளைப் பார்க்கலாம். அவை செய்வதும் இதுவேதான். தண்டு மாட்டி இழுக்கும் பழைய ரகம் என்றால் வண்டியே ஐம்பது டன்னுக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. கொக்கியை அச்சின் உயரத்துக்கு மேலே வைக்கக் கூடாது. உயரத்தில் இழுத்தால் வண்டியின் முன்பக்கம் எழும்பும். டிராக்டர்கள் மல்லாக்கக் கவிழ்ந்து ஓட்டுநர்கள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது அதே வண்டியைத் தேரிக்குக் கொண்டுபோவோம். மணலில் பிடி பத்துக்கு நாலு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 98 கிலோ. வண்டி தன் 350 கிலோ உடம்பை மணலில் உருட்டவே 87 கிலோ போய்விடும். மிச்சம் 11 கிலோ. அதைக் கொண்டு மணலில் ஒரு மூட்டையைக்கூட இழுக்க முடியாது. சிமெண்டில் பத்து டன், மணலில் ஒரு மூட்டைகூட இல்லை. வண்டி அதே வண்டி. மணப்பாட்டிலும் குலசேகரன்பட்டினத்திலும் கடற்கரையில் படகு இழுக்க யாராவது இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால், சக்கரத்தை மறந்துவிடச் சொல்வேன். அகல டயர் போட்டுக் காற்றை இறக்கினால் கொஞ்சம் உதவும். படகுக்கு அடியில் கட்டைகளைப் போட்டு உருட்டினால் இன்னும் உதவும். முழுத் தீர்வு வின்ச். மேட்டில் ஆழமாக ஒரு தூணை நட்டு, அதே மோட்டாரையும் அதே கியரையும் அதில் பூட்டி, உருளையில் கம்பிவடத்தைச் சுற்றி இழுப்பது. அங்கே பிடி மோட்டாரின் எடையைப் பொறுத்ததல்ல, தூணைப் பொறுத்தது. தேரின் தடியைப் போல, இதுவும் வழுக்கும் பேச்சுக்கே இடம் வைக்காத வழி.

இழுப்பதைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதில்லை. கிட்டங்கியின் வாசல் சரிவு பத்தடிக்கு ஓரடி என்று வையுங்கள். இறங்கும்போது 3.4 டன் பாரம் 340 கிலோவோடு பின்னாலிருந்து தள்ளும். உருளும்போது டயர் தின்பது 51 போக, 289 கிலோ. பிரேக்கும் தரைப் பிடியை நம்பித்தான் நிற்கிறது, அது 147. சக்கரத்தைப் பூட்டினாலும் வண்டி பூட்டிய சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டே போகும், ஓட்டுகிறவர் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். ஏற முடியாத சரிவில் இறங்கவும் கூடாது என்பதை வண்டியின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். பாரம் ஏற்றும் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். தேரோடு கூடவே முட்டுக்கட்டை ஏந்தி நடப்பவர்கள் இருப்பது போல, இங்கேயும் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் சக்கரத்துக்கு அடை கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

கடையில் விற்கும் நடை இழுவை வண்டிகளின் கைப்பிடி நுனியில் ஒரு பெரிய பொத்தான் இருக்கும். ஓட்டுகிறவர் பின்னோக்கி நடக்கும்போது சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அது அவர் வயிற்றில் அமுங்கும். உடனே வண்டி எதிர்த்திசையில் விலகிப் போகும். அந்த ஒரு பொத்தானை வீட்டில் செய்யும் வண்டியிலும் விட்டுவிடாதீர்கள். கையை எடுத்தால் நிற்கும் ஆக்சிலேட்டர், பேட்டரிக்கு வெகு அருகில் ஃபியூஸ், எட்டும் தூரத்தில் பெரிய மெயின் சுவிட்ச், இவையும் கட்டாயம். நாலு ஈய பேட்டரியின் முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது அங்கேயே பழுத்து ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய அறையும் பீடியும் ஆகாது. இப்படிச் செய்த வண்டி மதில் சுவருக்குள் ஓட மட்டும்தான். பொதுச் சாலைக்கு அதைக் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்காது.

டிஃபரன்ஷியல் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோவின் பின்னச்சில் ஒரு சக்கரம் மணல் தூளில் நின்று வழுக்கினால், மற்றச் சக்கரத்தின் பலத்தையும் அது வீணாக்கிவிடும். சில பட்டறைகளில் உள்ளே வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நேராக இழுக்க நல்லது, திரும்பத்தான் முரண்டு பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைக்க வசதி இருந்தால் அதுவே என் தேர்வு.

1973-ல் மனிதன் மனிதனை இழுக்கும் கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு ஒழித்தது. மனிதன் மூட்டையை இழுப்பது மட்டும் அப்படியே நிற்கிறது. சந்தையில், கிட்டங்கியில், உப்பளத்தில், மீன் ஏலக்கூடத்தில் அரை டன் தள்ளுவண்டியை நெஞ்சு கொடுத்துத் தள்ளுகிறவரின் முதுகெலும்பு அந்த வேலைக்குப் படைக்கப்பட்டதல்ல. அதற்கு மாற்று, வெளிநாட்டு இயந்திரமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வெல்டிங் பட்டறை, பழைய ஆட்டோ அச்சு, நாலு இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு ஐ.டி.ஐ. மாணவரின் இரண்டு மாத விடுமுறை. இவ்வளவில் முடியும் வேலை.

செய்ய நினைப்பவர் மோட்டார் தேடிப் போவதற்கு முன்னால் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் மூட்டையைத் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அந்த எலெக்ட்ரானிக் தராசு. அதன் ஒரு கொக்கியை டிரெய்லரிலும் மறு கொக்கியைக் கயிற்றிலும் மாட்டி, பாரம் ஏற்றிய டிரெய்லரை உங்கள் தரையில், உங்கள் சரிவில், நாலைந்து பேராக இழுத்துப் பாருங்கள். கிளம்பும்போது எத்தனை கிலோ, ஓடும்போது எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் எண்ணை இரண்டால் பெருக்கினால் ஓட்டும் சக்கரத்தின் மேல் வேண்டிய எடை கிடைக்கும்; காய்ந்த தரைக்கு அது போதும். அதிலிருந்து பேட்டரி எத்தனை, பல்சக்கரம் எவ்வளவு, மோட்டார் எது என்பதெல்லாம் தானே வந்துவிடும். அந்த இரண்டு எண்ணையும் பட்டறைச் சுவரில் எழுதிவிட்டு, அப்புறம் காயலான் கடைக்குப் போங்கள்.